லண்டனில் ஃபைனான்ஸ் வேலை: மூன்று நாள்காட்டிகளுக்கு நடுவில் வெளிநாட்டு மாணவர்

லண்டனில் ஃபைனான்ஸ் துறையில் வேலை தேடும் வெளிநாட்டு மாணவர் மூன்று நாள்காட்டிகளுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. வங்கிகளும் தணிக்கை நிறுவனங்களும் ஆள் எடுக்கும் காலம் ஒன்று. விசா முடியும் தேதி இன்னொன்று. ஊரில் வாங்கிய கல்விக்கடனுக்குத் தவணை தொடங்கும் மாதம் மூன்றாவது. ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பு இந்த மூன்றில் எதனோடும் பொருந்தி வருவதில்லை. நல்ல மதிப்பெண்ணும் உழைப்பும் இருந்தும் பலர் வேலை கிடைக்காமல் தவிப்பதற்குத் தகுதிக் குறைவைவிட இந்தப் பொருந்தாமையே பெரிய காரணம். புறப்படும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கலைத் தவிர்க்கலாம்.

சிக்கல் சிறியதல்ல. 2022 ஜூனில் முடிந்த ஓராண்டில் பிரிட்டன் இந்தியர்களுக்கு வழங்கிய படிப்பு விசாக்கள் ஏறத்தாழ 1,18,000. அந்த ஆண்டில்தான் சீன மாணவர்களைத் தாண்டி இந்திய மாணவர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணம், கொழும்பிலிருந்தும் போகிறவர்களில் கணிசமானோர் ஃபைனான்ஸ், அக்கவுண்டிங், பிசினஸ் படிப்புகளில் சேர்கிறார்கள். சிட்டி என்று அழைக்கப்படும் பழைய நிதி மாவட்டமும், துறைமுகம் இருந்த இடத்தில் எழுந்த கேனரி வார்ஃப் கோபுரங்களும் அவர்களின் குறி. அங்கே நுழையும் வழி எப்படி அமைந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விசா விதிகள் வந்த பாதை

படிப்பு முடித்த மாணவர் ஸ்பான்சர் இல்லாமல் தங்கி வேலை பார்க்கும் வசதியை 2012 ஏப்ரலில் பிரிட்டன் நிறுத்தியது. அப்போது தெரசா மே உள்துறை அமைச்சர். அதன்பின் பல ஆண்டுகள், படிப்பு முடிந்த சில மாதங்களுக்குள் ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும் என்பதே நிலை. 2019 செப்டம்பரில் இந்தக் கொள்கை மாறுவதாக அறிவிப்பு வந்தது. 2021 ஜூலை 1 அன்று கிராஜுவேட் விசா நடைமுறைக்கு வந்தது. இளநிலை, முதுநிலை முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு, பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு. பெரும்பாலும் எந்த வேலையும் பார்க்கலாம், ஸ்பான்சர் தேவையில்லை.

இந்த இரண்டு ஆண்டும் இப்போது சுருங்குகிறது. 2025 மே மாத வெள்ளையறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் விதியாக வெளியான மாற்றத்தின்படி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கிராஜுவேட் விசா 18 மாதம் மட்டுமே. பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மாற்றமில்லை. 2026 செப்டம்பரில் ஓராண்டு எம்.எஸ்சி. தொடங்குகிறவர் படிப்பை முடிப்பது 2027இல். அவர் கணக்கிட வேண்டியது 18 மாதம்தான்.

கிராஜுவேட் விசாவை நீட்டிக்க முடியாது. அது முடிந்தபின் வேலையில் தொடர வேண்டுமானால் ஸ்கில்டு வொர்க்கர் விசா வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று ஸ்பான்சர் செய்ய வேண்டும், சம்பளமும் குறிப்பிட்ட வரம்பைத் தொட வேண்டும். இந்த வரம்பு ஏறிய வேகம்தான் இன்றைய நெருக்கடியின் மையம். 2024 ஏப்ரல் தொடக்கம்வரை பொது வரம்பு ஆண்டுக்கு 26,200 பவுண்டு. 2024 ஏப்ரல் 4 அன்று அது 38,700 ஆனது. 2025 ஜூலை 22 முதல் 41,700. பதினாறு மாதங்களுக்குள் பதினைந்தாயிரம் பவுண்டுக்கு மேல் உயர்ந்துவிட்டது. இதோடு ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு வகுத்த தனிச் சம்பள விகிதமும் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுத்தாக வேண்டும்.

படிப்பு முடித்துப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 26 வயதுக்கு உட்பட்டவர்கள், மாணவர் விசாவிலிருந்தோ கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறுகிறவர்கள், சார்ட்டர்டு தகுதிக்காகப் பயிற்சி பெறுகிறவர்கள் ஆகியோர் ‘நியூ என்ட்ரன்ட்’ என்ற பிரிவில் வருவார்கள். அவர்களுக்குப் பொது வரம்பு 33,400 பவுண்டு. தொழிலுக்கான தனி விகிதத்திலும் 70 சதவீதம் போதும். ஆனால் இந்தச் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுகளுக்குத்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அந்த நான்கில் சேரும்.

இந்தக் கடைசி விதி சிறியதாகத் தெரிந்தாலும் விளைவு பெரியது. இங்கிலாந்தின் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் பயிற்சி ஒப்பந்தம் வழக்கமாக மூன்று ஆண்டு. படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசாவிலேயே பயிற்சியில் சேர்ந்தவருக்கு மூன்று ஆண்டும் சலுகைக்குள் அடங்கிவிடும். இரண்டு ஆண்டு கிராஜுவேட் விசாவை வேறு வேலைகளில் கழித்துவிட்டு அதன்பின் பயிற்சிக்கு வருகிறவருக்கு மீதி இருப்பது இரண்டு ஆண்டுதான். மூன்றாம் ஆண்டில் நிறுவனம் முழு வரம்புச் சம்பளத்தைத் தர வேண்டும். மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டம் பெற்ற முதல் சில மாதங்களின் மதிப்பு மாணவர் நினைப்பதைவிட அதிகம்.

2024இல் வரம்பு உயர்ந்தபோது, பெரிய தணிக்கை நிறுவனங்கள் சில, ஏற்கெனவே கொடுத்திருந்த வேலை வாய்ப்புகளையே திரும்பப் பெற்றதாகச் செய்திகள் வந்தன. பயிற்சியாளருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் புதிய வரம்புக்குக் கீழே இருந்ததுதான் காரணம். தேர்வுகளிலும் நேர்காணல்களிலும் வென்று வேலையைக் கையில் வைத்திருந்தவர்களும் இதில் அடிபட்டார்கள்.

ஆள் எடுக்கும் காலம்

லண்டனின் பெரிய வங்கிகள் பட்டதாரிகளை எடுக்கும் முறை இளநிலை மூன்றாண்டுப் படிப்பை அடிப்படையாகக் கொண்டு உருவானது. முதலாண்டு மாணவருக்கு வசந்த காலத்தில் சில நாள் அறிமுகம், அதற்கு ‘ஸ்பிரிங் வீக்’ என்று பெயர். அதிலிருந்து தேறியவர் இரண்டாம் ஆண்டு முடிவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறார். அங்கே நன்றாகச் செய்தவருக்கு இறுதியாண்டு தொடங்கும்போதே வேலை கையில் இருக்கும். முதலீட்டு வங்கிகளின் அனலிஸ்ட் இடங்களில் பெரும்பகுதி இப்படியே நிரம்பிவிடுகிறது.

ஓராண்டு முதுநிலைக்கு வருகிறவர் இந்தப் படிக்கட்டின் நடுவில் வந்து ஏறுகிறார். செப்டம்பர் மூன்றாம் வாரம் ஹீத்ரோவில் இறங்கி, தங்குமிடம் பார்த்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் பாடம் புரியத் தொடங்கும்போது அக்டோபர் பாதி ஆகியிருக்கும். அடுத்த ஆண்டுக்கான பட்டதாரித் திட்டங்களுக்கும் இன்டர்ன்ஷிப்களுக்கும் விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கியிருக்கும். பல நிறுவனங்கள் கடைசித் தேதிக்குக் காத்திருப்பதில்லை. வர வர விண்ணப்பங்களைப் பரிசீலித்து, இடம் நிரம்பியதும் மூடிவிடுகின்றன. நவம்பர் இறுதி என்று இணையத்தில் போட்டிருக்கும் ஒரு வேலை அக்டோபரிலேயே நிரம்பியிருக்கலாம்.

கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. மாணவர் விசாவில் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இளநிலை மாணவருக்குக் கோடை விடுமுறை, அவர் முழுநேரம் வேலை பார்க்கலாம். ஓராண்டு முதுநிலை மாணவருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆய்வறிக்கை எழுதும் காலம். அது விடுமுறைக் கணக்கில் வராது. முழுநேர இன்டர்ன்ஷிப் கிடைத்தாலும், அது படிப்பின் ஒரு பகுதியாக இல்லாவிட்டால் ஏற்க முடியாது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அதில் பிளேஸ்மென்ட் சேர்ந்திருக்கிறதா, பாடகாலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்பது அவசியம்.

இந்த வரிசைக்கு வெளியே ஒரு கதவு இருக்கிறது. சிறிய ஆலோசனை நிறுவனங்களும் தனியார் முதலீட்டு நிறுவனங்களும் ஆளுக்குத் தேவை வரும்போது மூன்று முதல் ஆறு மாதத்துக்கு எடுக்கும் ‘ஆஃப்-சைக்கிள்’ இன்டர்ன்ஷிப்தான் அது. படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா வாங்கியவருக்கு இது நன்றாகப் பொருந்தும். நிறுவனத்துக்கு ஸ்பான்சர் செலவு இல்லை, மாணவருக்கு லண்டன் அனுபவம் கிடைக்கிறது.

நிறுவனத்தின் கணக்கு

ஸ்பான்சர் என்றதும் நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன? 2020 டிசம்பருக்கு முன் உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் போட்டு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. ஸ்கில்டு வொர்க்கர் விசா வந்தபோது அது போய்விட்டது. இப்போது தயக்கத்துக்குக் காரணம் செலவும் பொறுப்பும்.

செலவைப் பார்க்கலாம். ஸ்பான்சர் சான்றிதழுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 239 பவுண்டிலிருந்து 525 ஆனது. பெரிய நிறுவனம் கட்ட வேண்டிய இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ், 2025 டிசம்பர் 16 முதல் ஆண்டுக்கு 1,320 பவுண்டு. மூன்றாண்டுக்கு 3,960. இரண்டும் சேர்ந்து 4,485 பவுண்டு. இது நிறுவனம் மட்டுமே ஏற்க வேண்டிய தொகை. விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் மருத்துவக் கூடுதல் கட்டணமும் தனி. அவற்றைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஊழியரிடமே விட்டுவிடும். இதுவரை உரிமமே இல்லாத சிறிய நிறுவனமாக இருந்தால் உரிமக் கட்டணமும், ஆவணங்களைப் பராமரித்து உள்துறை அமைச்சகத்துக்கு அவ்வப்போது தகவல் தரும் கடமையும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு விலக்கு இருக்கிறது. மாணவர் விசாவிலிருந்து நேரே ஸ்கில்டு வொர்க்கருக்கு மாறுகிறவருக்காக நிறுவனம் ஸ்கில்ஸ் சார்ஜ் கட்ட வேண்டியதில்லை. கிராஜுவேட் விசாவுக்குப் போய்விட்டு மாறினால் கட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 3,960 பவுண்டு மிச்சம். படிப்பு முடியும் தறுவாயில் ஒரு நடுத்தர நிறுவனத்தோடு பேச்சு நடக்கிறதென்றால், மாணவர் இந்த விவரத்தைப் பணிவோடும் தெளிவோடும் எடுத்துச் சொல்லலாம். சிறிய நிறுவனங்களில் பேசுகிறவருக்கே இது தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கிராஜுவேட் விசாவைத் துறந்து நேரே மாறினால் வேலை அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டுவிடும் என்பதையும் எடைபோட வேண்டும்.

விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி

விண்ணப்பப் படிவத்தில் பெயர், கல்லூரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியபின் ஒரு கேள்வி வரும். இந்த நிறுவனத்தில் வேலை பார்க்க இப்போதோ எதிர்காலத்திலோ விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள் இருக்கும். ‘ஆம்’ என்று அழுத்தியதும் சில நிறுவனங்களின் கணினி அடுத்த நிமிடமே நிராகரிப்பு மின்னஞ்சலை அனுப்பிவிடும். அதற்குப் பயந்து ‘இல்லை’ என்று போடச் சொல்லும் அறிவுரை மாணவர்களிடையே சுற்றுகிறது. அதைக் கேட்கக் கூடாது. வேலையில் சேரும்முன் நிறுவனம் அரசு இணையதளத்தில், மாணவரின் விசா நிலையைக் காட்டும் ஷேர் கோடைப் போட்டுப் பார்க்கும். விசா முடியும் தேதி அங்கேயே தெரியும். நிதித் துறையில் பொய்த் தகவல் நேர்மைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளப்படும், கிடைத்த வேலையும் போகும். கேள்வி ‘இப்போது’ என்று மட்டும் கேட்டால், கிராஜுவேட் விசா உள்ளவர் ‘இல்லை’ என்று சொல்வது உண்மை. ‘எதிர்காலத்திலோ’ என்ற சொல் இருந்தால் ‘ஆம்’ என்பதே உண்மை.

நேரத்தை வீணாக்காமல் இருக்க முதலில் செய்ய வேண்டியது, அரசு வெளியிடும் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தேடுவது. பெயர் இருந்தால் ஸ்பான்சர் செய்ய முடியும் என்று பொருள். குறிப்பிட்ட அந்த வேலைக்குச் செய்வார்களா என்பதை நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் பார்த்தோ மனிதவளப் பிரிவிடம் கேட்டோதான் உறுதிசெய்ய வேண்டும்.

சிவி, தேர்வு, நேர்காணல்

ஊரில் தரும் பயோடேட்டா லண்டனில் செல்லாது. புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். இளநிலையில் ‘2:1’ (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) என்ற தரம் வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். அண்ணா பல்கலைக்கழக சிஜிபிஏவோ சென்னைப் பல்கலைக்கழகச் சதவீதமோ அதற்கு இணையா என்று தெரியாவிட்டால், அந்தந்த நிறுவனத்தின் பக்கத்திலோ பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்திலோ கேட்கலாம். யுகே எனிக் அமைப்பு சமமதிப்புச் சான்று தருகிறது.

சிவியில் எழுதும் ஒவ்வொரு வரியும் செய்த வேலையைக் காட்ட வேண்டும். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தவர் ‘தணிக்கைப் பணிகளில் உதவினேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கையிருப்பை நேரில் எண்ணிச் சரிபார்த்தேன், பதிவேட்டோடு ஒத்துப்போகாத சரக்கைக் கண்டுபிடித்து அறிக்கையில் சேர்த்தேன்’ என்று எழுதினால், இவர் தணிக்கை என்றால் என்னவென்று அறிந்தவர் என்பது உடனே தெரியும். சிறிய ஊர், சிறிய அலுவலகம் என்று பலர் இந்த அனுபவத்தையே விட்டுவிடுகிறார்கள். லண்டன் மாணவர்களில் எத்தனை பேருக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு கிடங்கில் நின்று சரக்கு எண்ணிய அனுபவம் இருக்கும்?

அடுத்தது எண்ணியல் தேர்வு. கணக்கு கடினமாக இராது, நேரம்தான் இறுக்கம். ஒரு மாதிரி: ஒரு நிறுவனத்தின் விற்பனை 480 மில்லியனிலிருந்து 552 மில்லியனாகிறது; லாப விகிதம் 12.5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகிறது. லாபம் எத்தனை சதவீதம் மாறியது? முந்தைய லாபம் 60 மில்லியன், இப்போது 55.2. குறைவு 8 சதவீதம். பொறியியல் படித்தவர் எளிதில் போடும் கணக்கு. ஆனால் அட்டவணையில் தேவையான எண்களைத் தேடி எடுத்து விடையைக் குறிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் கிடைக்கும். தினமும் நேரம் வைத்துப் பழகினால் ஒரு மாதத்தில் கை வந்துவிடும், அதைச் சென்னையிலிருந்தே செய்யலாம்.

பதிவுசெய்யும் வீடியோ நேர்காணலில் எதிரே ஆள் இருக்கமாட்டார். திரையில் கேள்வி வரும், யோசிக்கச் சில நொடி, பதில் சொல்லச் சில நிமிடம். தமிழ் மாணவர்கள் பலருக்கு இங்கே ஒரு பழக்கம் தடையாகிறது. கல்லூரி புராஜெக்டைப் பற்றிக் கேட்டால் ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொல்வார்கள். தன்னைத்தானே உயர்த்திப் பேசுவது அடக்கமில்லை என்று வளர்த்த வளர்ப்பு அது. மதிப்பெண் போடுகிறவருக்கு அந்தக் குழுவில் இவர் என்ன செய்தார் என்பது தெரிந்தாக வேண்டும். சூழல் என்ன, தன் பொறுப்பு எது, என்ன செய்தார், என்ன விளைந்தது என்ற வரிசையில் ‘நான்’ என்று சொல்லிப் பழகுவது தற்பெருமை ஆகாது, கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது.

கடைசிப் படி அசெஸ்மென்ட் சென்டர். குழு விவாதம், ஒரு நிறுவனத்தைப் பற்றிய ஆய்வு, நேர்காணல்கள். குழு விவாதத்தில் அதிகம் பேசுகிறவர்தான் வெல்வார் என்பதில்லை. மற்றவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு கருத்துகளை இணைத்து, நேரம் முடியும்முன் குழுவை முடிவுக்குக் கொண்டுவருகிறவரையும் மதிப்பீட்டாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

எந்த வேலைகளைக் குறிவைப்பது

முதலீட்டு வங்கியின் டீல் பிரிவும் டிரேடிங் பிரிவும் எல்லோரும் நாடும் இடம். அங்கே இடங்கள் மிகக் குறைவு. ரிஸ்க், கம்ப்ளையன்ஸ், பிராடக்ட் கன்ட்ரோல், ஃபண்ட் அக்கவுண்டிங், கறுப்புப் பணத் தடுப்பு, ஒழுங்குமுறை அறிக்கை ஆகிய பிரிவுகள் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வந்த கடுமையான விதிகளால் வளர்ந்தவை. இவற்றில் எக்செல், எஸ்க்யூஎல், பைதான் தெரிந்தவர்களுக்கு மதிப்புண்டு. லைம் ஸ்ட்ரீட்டில் உள்ள லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையும் அதைச் சுற்றியுள்ள நிறுவனங்களும் இன்னொரு பெரிய களம். புள்ளியியல் படித்தவர்களுக்கு ஆக்சுவரி துறை உண்டு. ரெவொலுட், வைஸ், மான்சோ போன்று லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனங்களும் இருக்கின்றன.

சென்னைக்கும் சிட்டிக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி தன் பின்புல வேலைகளுக்காகச் சென்னையில் ஸ்கோப் இன்டர்நேஷனலைத் தொடங்கியது 2001இல். பார்க்லேஸ், பிஎன்பி பரிபா, பிஎன்ஒய் போன்றவற்றுக்கும் சென்னையில் பெரிய அலுவலகங்கள் உள்ளன. இத்தகைய இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு ஃபண்ட் அக்கவுண்டிங்கோ ரிஸ்கோ பார்த்துவிட்டு எம்.எஸ்சி. படிக்க வருகிறவருக்கு, கல்லூரியிலிருந்து நேரே வருகிறவரைவிட வாய்ப்பு மிக அதிகம். அனுபவசாலிகளை எடுக்க நிறுவனங்கள் செப்டம்பர், அக்டோபர் பார்ப்பதில்லை, ஆண்டு முழுவதும் எடுக்கின்றன. சம்பளமும் வரம்பைத் தாண்டுவது எளிது. பட்டம் பெற்ற கையோடு கடன் வாங்கிப் புறப்படும் அவசரத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவது பல குடும்பங்களுக்கு நல்ல முடிவாக இருக்கும்.

ஹாரோ, இல்ஃபோர்டு, ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் தமிழர்கள் நடத்தும் சிறிய கணக்காளர் அலுவலகங்கள் இருக்கின்றன. அவை ஸ்பான்சர் செய்வது கடினம். ஆனால் கிராஜுவேட் விசாக் காலத்தில் பிரிட்டிஷ் வரிமுறை, வாட், சம்பளப் பட்டியல் ஆகியவற்றில் கிடைக்கும் அனுபவம் அடுத்த வேலைக்குக் கைகொடுக்கும். ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதித் தேர்வுகளை எழுதிக்கொண்டே அங்கு வேலை பார்ப்பதும் நல்ல வழி.

பணமும் நேரமும்

லண்டனில் படிக்க வரும் மாணவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவைக் கையில் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பர் முதல் உள்ள விதி. 2025 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு, 21 வயது நிறைந்தவர்களின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 20 மணி நேரம் முழுதும் வேலை பார்த்தாலும் 244 பவுண்டு, மாதத்துக்கு ஏறத்தாழ 1,058. அரசே தேவை என்று சொல்லும் தொகைக்கு இது எட்டாது. பகுதிநேர வேலை பார்த்து வாழ்க்கையையும் கடனையும் சமாளித்துவிடலாம் என்று முகவர்கள் சொல்வதை இந்த எளிய கணக்கே மறுக்கிறது. 20 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்ப்பது விசாவையே பறித்துவிடும்.

பகுதிநேர வேலைக்குப் போகும் மணி நேரம் வேலை தேடுவதிலிருந்து கழிகிறது. இரவு கடையில் நின்றுவிட்டு ஈஸ்ட் ஹாமில் பங்கிட்டுக்கொண்ட அறைக்குத் திரும்புகிறவர், மறுநாள் காலை டிஸ்ட்ரிக்ட் ரயிலில் மான்யுமென்ட் போய் ஒரு நிறுவனத்தின் அறிமுகக் கூட்டத்தில் தெளிவாகப் பேசுவது எளிதல்ல. முதல் மூன்று மாதச் செலவையாவது கையில் வைத்துக்கொண்டு போனால், விண்ணப்பங்களுக்கு உரிய அந்தக் காலம் காப்பாற்றப்படும்.

இந்திய வங்கிகளின் கல்விக்கடனுக்கு வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை விலக்கு உண்டு. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். கிராஜுவேட் விசாவின் நடுவிலேயே தவணை தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் ஏதாவதொரு வருமானம் தேவை.

விலைக்கு விற்கும் ஸ்பான்சர்ஷிப்

விசா முடியும் நேரத்தில் ஸ்பான்சர் சான்றிதழை, வழக்கில் சொல்லும் சிஓஎஸ்ஸை, பணத்துக்கு வாங்கித் தருவதாகச் சிலர் வருவார்கள். தமிழில் பேசுவார்கள், ஊர்க்காரர் என்பார்கள். ஸ்கில்ஸ் சார்ஜை ஊழியரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. 2024 டிசம்பர் 31 முதல், ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் உரிமக் கட்டணத்தையும் சான்றிதழ்க் கட்டணத்தையும் ஊழியர்மேல் சுமத்தவும் தடை உண்டு. ஆகவே காசு கேட்பதே முறைகேட்டின் அடையாளம். அப்படிப்பட்ட நிறுவனத்தின் உரிமம் ரத்தானால், வழக்கமாக 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். கொடுத்த பணம் திரும்பி வராது. விசா ஆலோசனை தேவைப்பட்டால் இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவுபெற்றவரிடமோ வழக்கறிஞரிடமோ பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலோதான் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இடத்தில் கட்டணமே இல்லை.

வேலை கிடைக்காமல் திரும்பினால்

திரும்புவது தோல்வி என்ற எண்ணம் வீட்டிலும் ஊரிலும் பலமாக இருக்கிறது. அந்த எண்ணம்தான் மாணவர்களை மோசடிக்காரர்களிடம் தள்ளுகிறது. லண்டன் எம்.எஸ்சி.யோடு சென்னை, பெங்களூர், மும்பையில் உள்ள பன்னாட்டு வங்கிகளின் அலுவலகங்களில் சேர்ந்து, அங்கிருந்து நிறுவனத்துக்குள்ளேயே மாறுதலாகி லண்டன் போவதற்கும் வழி இருக்கிறது. ஏசிசிஏ, சிஎஃப்ஏ தேர்வுகளை எந்த ஊரிலிருந்தும் தொடரலாம்.

இந்தியக் குடிமக்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2023 பிப்ரவரியில் தொடங்கிய இந்தியா யங் புரொஃபெஷனல்ஸ் திட்டத்தில், 18 முதல் 30 வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் ஸ்பான்சர் இல்லாமல் இரண்டு ஆண்டு பிரிட்டனில் வேலை பார்க்கலாம். ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கலில் தேர்வு, பெயர் கொடுக்கக் கட்டணமில்லை. கையில் 2,530 பவுண்டு சேமிப்பு இருக்க வேண்டும். மாணவர் விசாவில் முன்பு இருந்தது இதற்குத் தடையல்ல. இலங்கைக் குடிமக்களுக்கு இந்தத் திட்டம் இல்லை.

ஓராண்டுத் திட்டம்

செப்டம்பரில் படிப்பு தொடங்கும் என்றால் வேலைத் தேடலின் வரிசை இப்படி அமையலாம்.

ஜனவரி முதல் மார்ச்: படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் பாடகால முடிவு, பிளேஸ்மென்ட், வேலைவாய்ப்பு மையத்தின் உதவி ஆகியவற்றை விசாரிப்பது.

ஏப்ரல் முதல் ஜூன்: சிவியை லண்டன் முறைக்கு மாற்றுவது, எண்ணியல் தேர்வுப் பயிற்சி, எக்செல், எஸ்க்யூஎல். ஸ்பான்சர் பட்டியலையும் சம்பள வரம்பையும் வைத்து நாற்பது ஐம்பது நிறுவனங்களைத் தெரிந்தெடுப்பது.

ஜூலை, ஆகஸ்ட்: விண்ணப்பம் திறந்தவுடன் ஊரிலிருந்தே அனுப்பத் தொடங்குவது. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் போதும்.

செப்டம்பர் முதல் நவம்பர்: இறங்கிய வாரமே வேலைவாய்ப்பு மையத்தில் நேரம் வாங்குவது, நிறுவனங்களின் கூட்டங்களுக்குப் போவது, தன் கல்லூரியில் படித்து லண்டனில் வேலை பார்ப்பவர்களைத் தேடி, வேலை கேட்காமல் அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்பது. பரிந்துரை பின்னால் தானாக வரும்.

டிசம்பர் முதல் மார்ச்: அசெஸ்மென்ட் சென்டர்கள், நடுத்தர நிறுவனங்கள், காப்பீட்டுத் துறை.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட்: ஆஃப்-சைக்கிள் இன்டர்ன்ஷிப், நேரடி வேலைகள், துறைக்குப் பயன்படும் ஆய்வறிக்கை. நேரே ஸ்கில்டு வொர்க்கருக்கு மாறும் வாய்ப்பிருந்தால் ஸ்கில்ஸ் சார்ஜ் விலக்கைப் பற்றிப் பேசுவது.

அதன்பின் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிப்பது. மாணவர் விசா முடியும்முன், பிரிட்டனுக்குள் இருந்தபடியே, படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்தபிறகு இதைச் செய்ய வேண்டும். கட்டணங்களும் வரம்புகளும் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் திட்டத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்க வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் எந்தத் தேதிவரை லண்டனில் இருப்பது, எவ்வளவு பணம்வரை செலவழிப்பது. இவற்றைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பெற்றோரோடு உட்கார்ந்து பேசி எழுதிவைத்துக்கொண்டால், பின்னாளில் நெருக்கடி வரும்போது பயத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலை வராது.